அரசனின் குற்றத்தைக் குறைக்காதீர்கள்

பழிவாங்க அரண்மனைக்குள் நுழைந்தவள் அரசனையே காதலித்துவிடுகிறாள். ஃபேன்டஸி எழுதுகிறவர்கள் இந்தக் கருவைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள், எடுக்கலாம். சறுக்கல் பெரும்பாலும் கதை முக்கால் பங்கு நகர்ந்த பிறகு நேர்கிறது. கொன்றவன் அரசன் அல்ல, அமைச்சன் அல்லது சித்தப்பன் என்று ஓர் உண்மை வெளிவரும். அந்த அத்தியாயத்தோடு அவள் பழிக்கும் இலக்கில்லை, காதலுக்கும் சோதனையில்லை.

இந்த இடத்தில் தடுமாறும் நாவலாசிரியர்கள், கனடிய எழுத்தாளர் கை கவ்ரியேல் கேயின் ‘டிகானா’வை (1990) பிரித்துப் படிக்க வேண்டும். கே இளவயதில் கிறிஸ்டோபர் டோல்கீனுக்கு உதவியாக ‘சில்மரில்லியன்’ (1977) தொகுப்புப் பணியில் இருந்தவர். ‘டிகானா’வில் அவர் போனது வேறு பாதை: மறுமலர்ச்சிக்கால இத்தாலியின் சாயலுள்ள தீபகற்பம், ஒன்பது மாகாணங்கள், அவற்றில் பெரும்பாலானவற்றைப் பங்குபோட்டுக்கொண்ட இரு மந்திரவாதிகள்.

அவர்களில் ஒருவன் இக்ராத் மன்னன் பிராண்டின். டிகானாவுடனான போரில் மகனைப் பறிகொடுத்தவன். பதிலுக்கு அந்த நாட்டை நொறுக்குகிறான். அதன் பெயரையும் மந்திரத்தால் அழிக்கிறான். அதற்கு முன் அங்கே பிறந்தவர்களைத் தவிர வேறெவர் காதிலும் அந்தப் பெயர் விழாது. அவர்களில் கடைசி ஆள் இறக்கும்போது டிகானா என்றொரு நாடு இருந்ததே இல்லை என்றாகிவிடும்.

கேயின் தொழில்நுட்பம் முழுமையாகத் தெரியும் இடம் இதற்கு அடுத்தது. மந்திரம் நிலைக்க வேண்டுமானால், அந்தக் கடைசி ஆள் சாகும்வரை பிராண்டின் தீபகற்பத்திலேயே இருந்தாக வேண்டும். சொந்த நாடும் அரசியும் கடலுக்கு அப்பால். அவனுடைய பழியே அவனைத் தீபகற்பத்தைச் சேர்ந்த கியாரா தீவில் தனியனாக உட்கார வைக்கிறது. அந்தத் தனிமைக்குள்தான் டியனோரா வருகிறாள். டிகானாவின் சிற்பி ஒருவரின் மகள். தந்தை போரில் மாண்டவர். பிறந்த ஊரை மறைத்து, அவனைக் கொல்வதற்காகவே அந்தப்புரத்தில் சேர்கிறாள். மந்திரத்துக்கு வைத்த விலை காதலுக்கு வாசல் திறக்கிறது. இரண்டும் ஒரே ஆணியில் தொங்குவதால் கதையில் தற்செயலுக்கு வேலையே இல்லை.

பிறகு கொலைகாரன் ஒருவன் குறிவைக்கும்போது அவளே பிராண்டினைக் காப்பாற்றிவிடுகிறாள். இதற்குப் பின்னும் கே அவன் குற்றத்தில் ஒரு துளி குறைக்கவில்லை. இசையில் தோய்கிறவன், மகனுக்காக உண்மையாகவே அழுகிறவன், ஒரு மக்களின் நினைவை அழிக்கிறவன் எல்லாம் ஒரே ஆள். அவள் காதலும் பொய்யில்லை, அவள் கடமையும் பொய்யில்லை. எதை விட்டாலும் துரோகம்.

முடிவைச் சொல்லாமல் அடுத்ததை விளக்க முடியாது. அரசனின் மனநிலையைத் தன் உடலால் காட்டும் அரண்மனைக் கோமாளி ரூன், உண்மையில் டிகானாவின் இளவரசன் வாலன்டின். இறுதிப் போரில் தன் நினைவு திரும்பிய கணத்தில் பிராண்டினைக் குத்துபவன் அவனே. அந்த நேரம் போர்க்களத்தின் மறுபக்கம் நிற்கும், டிகானாவை மீட்கப் போராடும் வாலன்டினின் மகன் அலெசானுக்கு இது கடைசிவரை தெரியாது. தெரிந்த ஒருவன் சொல்லாமல் விட்டுவிடுகிறான். வாசகருக்கு மட்டும் தெரியும். பழி நிறைவேறுகிறது, ஆனால் அதைக் கொண்டாடுகிறவர்களுக்கு அதன் முழு விலை எட்டவில்லை. வெற்றிக் காட்சி எழுதுகிறவர்கள் இந்த உத்தியைப் பலமுறை வாசிக்கலாம்.

நாவலில் பலவீனம் இல்லாமலில்லை. அலெசானுக்கும் அவனோடு போராடும் காட்ரியானாவுக்கும் இடையிலான காதல் அவசரமாக முடிகிறது. இருவரும் ஒரே அணியில் இருப்பவர்கள். காதலித்தால் இழப்பதற்கு எதுவும் இல்லாததால், கே எவ்வளவு அழகாக எழுதியும் அந்தப் பக்கங்களில் எடை ஏறவில்லை.

நண்பர்களே, உங்கள் கைப்பிரதியில் அரசனை விடுவிக்கும் அந்த ஓர் அத்தியாயம் இருந்தால், எடுத்துவிட்டு மிச்சத்தை எழுதிப் பாருங்கள். பதிப்பாசிரியர்களும் முதல் வாசிப்பிலேயே அதைக் கேட்டுவிடுங்கள்.