லேபிள் இல்லை, சரி... செலவு?

காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்கு நான் கொண்டுபோகும் கால்குலேட்டருக்கும் டி.என்.ஏ. பரிசோதனைக்கும் என்ன சம்பந்தம்? அந்தத் திரைக்குள் இருக்கும் திரவப் படிகம்தான். (முறைக்காதீர்கள், விஷயத்துக்கு வருகிறேன்.)

ஒரு குறிப்பிட்ட டி.என்.ஏ. இழையைத் தேட, வழக்கமாக ஒளிரும் சாயத்தை ஒட்டுவார்கள். அதுதான் லேபிள். சாயத்துக்கு ஒரு விலை, அந்த ஒளியைப் படிக்கும் கருவிக்குத் தனி விலை. 2008-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பிரைஸ், ஷ்வார்ட்ஸ் என்ற இருவர் சாயமே இல்லாமல் செய்து பார்த்தார்கள். திரவப் படிகத்தின் மேல் தண்ணீர். இரண்டும் தொடும் இடத்தில் சோப்பு மாதிரி ஒரு பொருளின் மெல்லிய படலம். அது படிக மூலக்கூறுகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி வைக்கும். குறுக்கும் நெடுக்குமாக வைத்த இரண்டு போலராய்டு தகடுகள் வழியே பார்த்தால் ஒரே இருட்டு. தேடும் இழைக்கு ஜோடியான ஒற்றை இழையை விட்டால் மூலக்கூறுகள் சாய்ந்துகொள்ளும், வெளிச்சம். தேடிய இழை வந்து ஜோடி சேர்ந்தால் அங்கங்கே மறுபடி எழுந்து நிற்கும், இருட்டுத் திட்டுகள். அவ்வளவுதான்!

ஓர் எழுத்து மாறிய இழையைக்கூட இது பிரித்துக் காட்டியது. ஓர் எழுத்துதானே என்று நினைக்காதீர்கள். நீலகிரிப் பழங்குடி மக்களையும் வாட்டும் அரிவாள் செல் நோய்க்கு மூலம் ஒரே ஓர் எழுத்து மாற்றம்தான்.

"அப்போ சல்லிசாக முடிந்துவிடும்" என்று மைக்ரோபயாலஜி படிக்கும் அறைத்தோழனிடம் அளந்தேன். "ரத்தத்தை அப்படியே ஊத்தினா என்னடா ஆகும்?" என்றான்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ரத்தத்தில் இருக்கும் புரதமும் கொழுப்பும்கூட அந்தப் படலத்தைக் கலைக்கும். தொட்டது யார் என்று திரவப் படிகத்துக்குத் தெரியாது. முதலில் டி.என்.ஏ.வைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க வேண்டும். சாய முறைக்கும் அந்த வேலை உண்டு என்பது உண்மை. ஆகவே மிச்சமாவது கடைசிப் படியில் மட்டும். 'லேபிள் தேவையில்லை' என்பதையே 'மலிவு' என்று எழுதுவது, நேரடிச் செலவைக் குறைத்துக் காட்டி ஓவர்ஹெட்டை மறைக்கும் கணக்கு. எங்கள் வாத்தியார் அதற்கு மார்க் போட மாட்டார் :-)

அதற்காக இது வேண்டாம் என்று சொல்லவில்லை. விலை உயர்ந்த கருவி இல்லாத மலைக் கிராமச் சுகாதார நிலையத்தில் ஒரு சாதாரண மைக்ரோஸ்கோப்பும் இரண்டு தகடுகளும் பெரிய விஷயம். ஆனால் ஆராய்ச்சிப் பணம் என் கையில் இருந்தால், இன்னும் அழகான இருட்டுத் திட்டுகளுக்குத் தர மாட்டேன். ஒரு சொட்டு ரத்தத்தை அங்கேயே, கரண்ட் போனாலும், சுத்தம் செய்ய வழி சொல்பவருக்குத்தான் தருவேன்.