வைகையின் சாட்சி

நதி கெட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டால், கரையில் நிற்கும் எவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆயினும் மூக்கின் சாட்சியத்தை எந்தச் சர்க்காரும் இதுவரை ஏற்றுக்கொண்டதில்லை. எவ்வளவு கெட்டிருக்கிறது, எந்த இடத்தில் கெடுகிறது, சென்ற வருஷத்தைவிட இவ்வருஷம் கூடியதா குறைந்ததா என்று எதிர்க்கேள்வி போட்டவுடன் நாம் வாயடைத்து நிற்கிறோம். இக்கேள்விகளுக்கெல்லாம் கணக்கோடு பதில் சொல்லக்கூடிய சாட்சி ஒன்று வைகை நீரிலேயே இருக்கிறது. அதை அழைத்து விசாரிக்க வேண்டும் என்பதே இன்று நாம் வற்புறுத்தும் விஷயம்.

வைரஸ் என்ற சொல்லைக் கேட்டால் 2020-ம் வருஷத்துக் கொள்ளைநோய்தான் ஜனங்களுக்கு ஞாபகம் வரும். ஆனால் உலகத்திலுள்ள வைரஸ்களில் மிகப் பெரும்பாலானவை மனிதனைத் தொடுவதே இல்லை. அவற்றின் இரை நீரில் வாழும் பாசியும், பாக்டீரியாக்களும், அமீபா போன்ற நுண்ணுயிர்களுமேயாகும். வைரஸுக்குச் சொந்தமாகப் பெருகும் சக்தி கிடையாது. தனக்குரிய உயிரணுவின்மீது ஒட்டிக்கொண்டு, தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தி, அந்த அணுவையே தனக்கு அடிமையாக்கி, தன்னைப் போன்ற பல பிரதிகளைச் செய்வித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் அணு வெடிக்கும். பிரதிகள் வெளியேறி அடுத்த இரையைத் தேடும். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே இவற்றின் பருமன். 1989-ம் வருஷத்தில் நார்வே தேசத்து ஆராய்ச்சியாளர்கள் இயற்கை நீர்நிலைகளில் இவற்றை எண்ணிப் பார்த்தபோது, சில இடங்களில் ஒரு மில்லிலிட்டர் நீரில் 25 கோடி வரை இருக்கக் கண்டனர். நீர் உலகத்தில் எது பெருகுவது, எது மடிவது என்பதை இச்சிறு பொருள்கள் பெருமளவில் தீர்மானிக்கின்றன என்பது அதன் பின்னரே விளங்கிற்று.

இந்த ஆராய்ச்சியின் சரித்திரத்தில் நமது தேசத்தின் நதிகளுக்கு ஆரம்பத்திலேயே ஓர் இடம் உண்டு. ஆக்ராவில் சர்க்கார் ரசாயனப் பரிசோதகராக இருந்த ஹான்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை நீரும் யமுனை நீரும் காலராக் கிருமியைக் கொல்லுகின்றன என்று 1896-ம் வருஷத்தில் பாரிஸ் பாஸ்டர் ஸ்தாபனத்துப் பத்திரிகையில் எழுதினார். வடிகட்டிய பின்பும் அந்நீருக்கு அச்சக்தி இருந்தது, கொதிக்கவைத்தால் போய்விட்டது. ஆவியாகக்கூடிய ஏதோ ஒரு வஸ்துவே காரணம் என்று அவர் கருதினார். 1915-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ட்வார்ட் என்பவரும், 1917-ம் வருஷத்தில் பாரிஸில் டெரெல் என்பவரும் பாக்டீரியாவை அழிக்கும் வைரஸ்களைக் கண்டறிந்தனர். பாக்டீரியாவைத் தின்பது என்னும் பொருளில் டெரெல் அதற்குப் பாக்டீரியோபேஜ் என்று பெயரிட்டார். இன்று சுருக்கமாகப் பேஜ் என்கிறார்கள். ஹான்கின் கண்டதும் இதுவாகவே இருக்கலாம் என்று பலர் பிற்காலத்தில் சொன்னார்கள். அது ஐயத்திற்குரியது என்று வாதிக்கும் விஞ்ஞானிகளும் உண்டு. எப்படியாயினும் 1927-ம் வருஷத்தில் டெரெலே இந்தியாவுக்கு வந்து பஞ்சாபில் காலராவை ஆராய்ந்தார். பாட்னாவில் அஷெஷோவ் என்பவர் தலைமையில் தனி விசாரணை நடந்தது. அஸ்ஸாமில் கிராமத்து ஜனங்களுக்குப் பேஜ் மருந்தைக் கொடுத்துப் பரீட்சித்தார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? பரீட்சைகளின் முடிவுகள் திட்டமாக அமையவில்லை. மருந்துகள் சுத்தமாகத் தயாரிக்கப்படவில்லை. ஒரு கிருமி வகையைக் கொல்லும் பேஜ் அதன் உடன்பிறந்த வகையைத் தொடாது என்ற தொல்லையும் இருந்தது. 1940-க்கு மேல் பென்ஸிலின் முதலிய மருந்துகள் வந்தன. உலகம் பேஜை மறந்தது. ஜார்ஜியா தேசத்தில் டிபிலிஸி நகரத்து எலியாவா ஸ்தாபனமோ 1923-ம் வருஷத்தில் ஆரம்பித்த வேலையை இன்றுவரை கைவிடாமல் நடத்தி வருகிறது. பரீட்சைக்கு நமது நீரையும் நமது நோயாளிகளையும் கொடுத்த நாம், தொடர்ந்து நடத்தும் பொறுமையை மாத்திரம் கொடுக்கவில்லை.

பாசியின் கதையும் இவ்வாறே. நீலப்பச்சைப் பாசியைத் தாக்கும் வைரஸை முதன்முதலாக 1963-ம் வருஷத்தில் ஸாஃபர்மன், மாரிஸ் என்ற அமெரிக்கர் இருவர் கண்டுபிடித்தனர். எங்கே தெரியுமா? இண்டியானா மாகாணத்தில் சாக்கடை நீரைத் தேக்கி வைத்திருந்த ஒரு குட்டையில். நான்கு வருஷங்களுக்குள், 1967-ல், காசி ஹிந்து ஸர்வகலாசாலையைச் சேர்ந்த ஆர். என். ஸிங், பி. கே. ஸிங் இருவரும் அத்தகைய வைரஸ்களை இந்தியாவில் பிரித்தெடுத்து ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். இது கௌரவத்துக்காகச் செய்த வேலையன்று. நெல்வயலில் படரும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிறது என்பதை 1939-ம் வருஷத்திலேயே பி. கே. டே என்ற வங்காளத்து விஞ்ஞானி நிரூபித்திருந்தார். வைரஸ் அந்தப் பாசியை அழித்தால் நஷ்டம் உழவனுடையது. அதே வைரஸ் ஊருணியில் விஷப்பாசியை அழித்தால் லாபம் ஊராருடையது. பெரியாற்றுத் தண்ணீரில் இரு போகம் விளையும் மதுரைச் சீமைக்கு இவ்விரண்டும் அந்நியமான விஷயங்களா?

பம்பாயிலிருந்து வந்த செய்தியும் நம் கவனத்துக்கு உரியது. அமீபாவுக்குள் பெருகும் ராட்சஸ வைரஸ் என்ற புதிய இனத்தை 2003-ம் வருஷத்தில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் உலகத்துக்கு அறிவித்தார்கள். பின்னர் பம்பாய் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் தங்கள் ஸ்தாபனத்தின் வாசலில் உள்ள பவாய் ஏரியிலேயே தேடி, அவ்வினத்தைச் சேர்ந்த ஒன்றைக் கண்டெடுத்து, அதற்கு அந்த ஏரியின் பெயரையே இட்டார்கள். பவாய் என்ற பெயர் இன்று உலகத்து விஞ்ஞான ஏடுகளில் இருக்கிறது. வண்டியூர்க் கண்மாயின் பெயரும் செல்லூர்க் கண்மாயின் பெயரும் அங்கே இடம்பெறக் கூடாதென்று விதி ஒன்றும் இல்லை.

இனி நமது ஊருக்கு வருவோம். ஏ.வி. பாலத்தைக் கடந்து வடகரையில் கோரிப்பாளையத்தில் நின்று சுற்றிலும் பாருங்கள். நடந்தே போகக்கூடிய தூரத்துக்குள் அமெரிக்கன் கல்லூரி இருக்கிறது. மீனாட்சி அரசினர் மகளிர் கல்லூரி இருக்கிறது. தென் ஜில்லாக்களின் ஏழைகளுக்கெல்லாம் புகலிடமான ராஜாஜி ஆஸ்பத்திரியும் மதுரை வைத்தியக் கல்லூரியும் இருக்கின்றன. இவை அனைத்துக்கும் அருகே வைகை கிடக்கிறது. வருஷநாட்டு மலையில் பிறந்து வரும் நதி, ஊருக்குள் வந்ததும் நகரத்தின் கழிவையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. பந்தல்குடிக் கால்வாய் பாசனத்துக்காக வெட்டியது. இன்று அது சுமப்பது சாக்கடை. அணையில் தண்ணீர் திறக்காத மாதங்களில் ஆற்று மணலின்மீது ஓடுவது பெரும்பாலும் இந்தக் கழிவுநீர்தான். சித்திரையில் அழகர் இறங்கும்போது லட்சோபலட்சம் ஜனங்கள் இதே ஆற்றில்தான் கால் வைக்கிறார்கள்.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தைக் கண்டிப்பது அவசியம். “நதி நீரில் கிருமியைக் கொல்லும் வைரஸ் இருக்கிறதல்லவா? நதி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். சாக்கடையைப் பற்றிக் கவலை எதற்கு?” என்று புண்ணிய நதிகளின் பெயரால் சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். இது பக்தியும் அன்று, விஞ்ஞானமும் அன்று. வேட்டைநாய் இருப்பது வேட்டை இருப்பதற்கு அடையாளம். மனிதக் குடலில் வாழும் கோலி பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ் ஆற்றில் ஏராளமாக இருக்கிறதென்றால், ஆற்றில் மலம் கலக்கிறது என்பதே பொருள். அதனாலேயே பல தேசங்களில் நீரின் அசுத்தத்தை அளப்பதற்கு இந்தப் பேஜ்களை எண்ணுகிறார்கள். மேலும் எல்லாப் பேஜும் நமக்கு நண்பன் அல்ல. காலராக் கிருமியின் கொடிய விஷத்தை உண்டாக்கும் மரபணுவே ஒரு பேஜ் கொண்டுவந்து சேர்த்ததுதான் என்று 1996-ம் வருஷத்தில், ஹான்கின் எழுதிய சரியாக நூறாவது ஆண்டில், வால்டர், மெக்கலனாஸ் என்ற இருவர் நிரூபித்தார்கள். கிருமியைக் கொல்வதும் வைரஸ். கிருமிக்கு ஆயுதம் கொடுப்பதும் வைரஸ். ஆகவே இதை நம்பிச் சாக்கடையைத் திறந்துவிடுவது மதியீனம்.

பாசி விஷயத்திலும் இதுவே நிலை. வைரஸைத் தூவிக் குளத்துப் பாசியை ஒழித்துவிடலாம் என்று 1963-க்குப் பின் பலர் நம்பினார்கள். பாசியோ வைரஸுக்கு மசியாத சந்ததியைப் பெற்றுத் தப்பித்துக்கொண்டது. சாக்கடையும் உரமும் குளத்துக்குள் பாய்ந்து கொழுப்பூட்டும் வரையில் பாசி திரும்பத் திரும்ப வரும். கழிவை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம். மற்றவை அதற்குப் பின்னரே.

அப்படியானால் இவ்வாராய்ச்சியின் பயன் என்ன? முதற்பயன், நாம் முன்னர் சொன்ன சாட்சியம். இந்தப் பரீட்சைக்கு லட்சக்கணக்கில் விலையுள்ள யந்திரங்கள் தேவையில்லை. தீங்கற்ற கோலி வகை ஒன்றை அகர் பரப்பிய கண்ணாடித் தட்டில் வளர்த்து, பாக்டீரியாவைத் தடுத்து வைரஸை மாத்திரம் விடும் வடிகட்டியில் ஆற்றுநீரைச் செலுத்தி அதில் சேர்த்து, ஓர் இரவு உஷ்ணப்பெட்டியில் வைத்தால் போதும். காலையில் தட்டில் தெளிந்த புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பேஜின் வேலை. எண்ணி எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அகரோ மன்னார் வளைகுடாவின் கடற்பாசியிலிருந்து காய்ச்சி எடுப்பது. அந்தத் தொழில் மதுரைக்குப் புதியதன்று. கல்லூரி மாணாக்கர் எவரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது.

இரண்டாம் பயன் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தது. மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் நமது ஆஸ்பத்திரிகளில் பெருகி வருவதை வைத்தியர்கள் எல்லோரும் அறிவார்கள். 2016-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஸான் டியேகோ நகரத்துப் பேராசிரியர் பாட்டர்ஸன் என்பவர், எந்த மருந்துக்கும் மசியாத அஸினெட்டோபாக்டர் கிருமியால் மரணப்படுக்கையில் இருந்தார். சாக்கடை முதலிய அசுத்த ஜலத்திலிருந்து பிரித்து வைத்திருந்த பேஜ்களைக் கொடுத்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். ஒருவர் பிழைத்ததால் மருந்து நிலைநாட்டப்பட்டது என்று நாம் சொல்லவில்லை. பெரிய அளவில் முறையான பரீட்சைகள் இன்னும் நடந்தாக வேண்டும். ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. அவசரத்தில் தேடியபோது பேஜ்கள் கிடைத்ததற்குக் காரணம், யாரோ சிலர் முன்னதாகவே சேகரித்து, பெயரிட்டு, பத்திரப்படுத்தி வைத்திருந்ததுதான். ஒவ்வொரு பேஜும் குறிப்பிட்ட கிருமியைத்தான் தாக்கும் ஆதலால், மதுரை ஆஸ்பத்திரிக் கிருமிக்கேற்ற பேஜை மதுரைக் கழிவுநீரிலேயே தேடுவது புத்திசாலித்தனம். அயல்நாட்டுச் சரக்கு வந்து சேரட்டும் என்று காத்திருந்தால், விலையும் அவர்கள் சொல்வதே, காலமும் அவர்கள் சொல்வதே என்றாகும்.

ஆகையால் நாம் கேட்பது மூன்று. முதலாவது, சோழவந்தான் பக்கத்தில் ஓரிடம், ஏ.வி. பாலத்தடியில் ஓரிடம், விரகனூர் மதகணையில் ஓரிடம் என மூன்று இடங்களில் மாதந்தோறும் நீர் எடுத்துப் பேஜ்களை எண்ணவேண்டும். வண்டியூர், செல்லூர்க் கண்மாய்களின் பாசியையும் உடன் பரிசோதிக்கவேண்டும். இப்பொறுப்பைக் கோரிப்பாளையத்துக் கல்லூரிகளும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் பகிர்ந்துகொள்ளலாம். இரண்டாவது, வைத்தியக் கல்லூரியில் பேஜ்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் களஞ்சியம் ஒன்று அமையவேண்டும். மூன்றாவது, எண்ணிக்கை முழுவதையும் மாதந்தோறும் தமிழில் எழுதி, மாநகராட்சி வாசலில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டவேண்டும். இங்கிலீஷ் அறிக்கையாக அலமாரிக்குள் போகும் கணக்கு ஜனங்களுக்கு உதவாது.

மூன்றாவது கோரிக்கையைத்தான் அதிகாரிகள் விரும்பமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். ஏனெனில் சோழவந்தானில் பத்தாக இருக்கும் எண் பாலத்தடியில் பல்லாயிரமாக இருக்குமானால், சாக்கடையை யார் விட்டார்கள், சுத்திகரிப்பு நிலையம் எதற்கு இருக்கிறது என்ற கேள்விகள் பிறக்கும். வார்டு அங்கத்தினர் முதல் மந்திரி வரை எல்லோரும் பதில் சொல்லவேண்டி வரும். அந்தக் கேள்வி பிறக்கவேண்டும் என்பதற்காகவே நாம் இதைக் கேட்கிறோம்.

பொதுக்காரியத்தில் ஈடுபட்ட இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வைகைக்காக ஊர்வலம் நடத்தியிருக்கிறீர்கள், மனு கொடுத்திருக்கிறீர்கள், பதிலாக வாக்குறுதிகளும் வாங்கியிருக்கிறீர்கள். அடுத்த மனுவில் பன்னிரண்டு மாதத்துக் கணக்கை இணைத்துக் கொடுங்கள். கல்லூரி ஆசிரியர்களை அணுகுங்கள். நீர் எடுத்துக் கொடுக்கத் தொண்டர்களாக முன்வாருங்கள். வாக்குறுதிக்கு வாக்குறுதி கொடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம். எண்ணிக்கைக்கு எண்ணிக்கையால்தான் பதில் சொல்லமுடியும். சாட்சி ஆற்றிலே காத்திருக்கிறது. அழைப்பு அனுப்பவேண்டியது மதுரை ஜனங்களே.