அறுதி உறுதியும் அந்நிய நாட்டுப் பட்டமும்

சென்ற மாதம் கமக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். மடியில் பழைய உறுதி ஒன்று. ஆறு பரப்புச் செம்மண் தோட்டம். கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்ந்தது. தகப்பன் வழி வந்த முதுசொம். அதனை அறுதியாக விற்கப் போவதாகவும், உறுதியை நான் எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டார். காரணம் வினவினேன். மகன் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் நன்றாகச் சித்தியடைந்திருக்கின்றான். வெளிநாடு சென்று வணிக முகாமைத்துவம் படிக்கப் போகின்றான் என்றார். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டேன். "அது ஏசென்சிக்காரருக்குத்தான் தெரியும், ஐயா" என்றார்.

இவர் ஒரு சோடி எருது வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். விதை வெங்காயம் வாங்கினாலும் கையிலெடுத்து நசுக்கிப் பார்ப்பார். ஆனால், ஆறு பரப்புக் காணியைக் கொடுத்து வாங்கப் போகும் பொருளின் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. இது அவருடைய குற்றமன்று. அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டவர்கள் யார் என்பதே இன்று நாம் கேட்கவேண்டிய கேள்வி.

கல்விக்காகக் கடல் கடப்பது நமக்குப் புதிதன்று. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரும் யாழ்ப்பாணத்தவர். அவருள் ஒருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. 1970களில் தரப்படுத்தல் நம் மாணவர்க்குப் பல்கலைக்கழகக் கதவை ஒடுக்கியபோது, நகையை ஈடு வைத்தேனும் பிள்ளையை வெளிநாட்டிற்கு அனுப்பிய பெற்றோர் பலர். இன்றும், உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் பெரும்பகுதியினருக்கு இந்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடமில்லை. ஆகவே, போகாதே என்று நாம் சொல்லவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு போகாதே என்றே சொல்கின்றோம்.

முதலில் முகவரைப் பற்றிப் பேசுவோம். "ஆலோசனை இலவசம்" என்று வாயிலில் பலகை தொங்குகின்றது. ஆலோசனையை இலவசமாகக் கொடுத்துவிட்டு, நகர நடுவில் கடைவாடகை கட்டுவது எங்ஙனம்? மாணவனைப் பிடித்துக் கொடுப்பதற்காக வெளிநாட்டுக் கல்வி நிறுவனம் முகவருக்குத் தரகு கொடுக்கின்றது. பெரும்பாலும் அது மாணவன் கட்டும் கட்டணத்தின் ஒரு பங்கு. தரகு வாங்குவது குற்றமன்று; நேர்மையான முகவரும் உளர். ஆனால், விற்பவனிடம் கூலி வாங்குகின்றவன் வாங்குபவனுக்கு நடுநிலை ஆலோசகனாக இருக்க முடியாது என்பது சட்டத்தின் பாலபாடம். ஒரே வழக்கில் வழக்காளிக்கும் எதிராளிக்கும் ஒரே சட்டத்தரணி தோன்ற நீதிமன்றம் இடங்கொடுக்குமா? ஜேர்மனிய அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணமே இல்லை. கட்டணம் இல்லாத இடத்தில் தரகு ஏது? தரகு இல்லாத இடத்தைப் பற்றி உங்கள் பிள்ளைக்கு யார் சொல்வார்?

அடுத்து, பெற்றோராகிய நாம். நம் வீடுகளில் இத்தெரிவு எவ்வாறு நடைபெறுகின்றது? முதலில் நாடு, மாமன் ரொறன்ரோவில் இருந்தால் கனடா, சித்தப்பன் இருந்தால் இலண்டன். அதன்பின் விசா. அதன்பின் விசாவுக்கு வழிசெய்யும் கல்லூரி. பிள்ளை என்ன படிக்கப் போகின்றான் என்பது ஈற்றில். தலையாக நிற்கவேண்டியது வாலாகி நிற்கின்றது. கணக்கியலும் நிதியியலும் கற்கப் போகும் பிள்ளைக்கு முதற் பாடம் வரவு செலவு. அவன் வாழ்வின் முதல் வணிகமே இந்தத் தெரிவு. அந்த முதல் வணிகத்தைக் கணக்கு எழுதாமற் செய்பவன் பிறகு எந்த நிறுவனத்தை நிருவகிக்கப் போகின்றான்?

ஆகவே, காசோலையில் கையொப்பமிடுமுன் ஐந்து கேள்விகளுக்கு விடை கேளுங்கள், எழுத்திலே கேளுங்கள்.

ஒன்று: பட்டம் வழங்குவது யார்? கற்பிக்கும் கல்லூரி வேறு, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் வேறாக இருக்கலாம். அந்தப் பல்கலைக்கழகத்திற்குப் பட்டம் வழங்கும் அதிகாரத்தை அந்நாட்டுச் சட்டம் அளித்துள்ளதா? இந்நாட்டுப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அப்பட்டத்தை ஏற்குமா? நாளை இங்கே அரசாங்க உத்தியோகத்திற்கு விண்ணப்பிக்கும்போதுதான் இக்கேள்வி எழவேண்டுமா?

இரண்டு: வணிகம் என்ற பெயரின் உள்ளே என்ன இருக்கின்றது? கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், தரவுப் பகுப்பாய்வு எல்லாம் ஒன்றல்ல. பாடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஏ.சி.சி.ஏ. கணக்காளர் தேர்வில் 13 பாடங்கள். தகுந்த பட்டம் பெற்றவனுக்கு அவற்றுள் 9 வரை விலக்குக் கிடைக்கலாம். பொதுப்படையான முகாமைத்துவப் பட்டத்துக்கு மிகக் குறைந்த விலக்கே கிடைக்கக்கூடும். வணிகக் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட 1916இல் அமெரிக்காவில் தோன்றிய ஏ.ஏ.சி.எஸ்.பி., 1997இல் ஐரோப்பாவில் தோன்றிய ஈக்விஸ் முதலிய சான்றளிப்புகள் உள்ளன. சான்று இல்லாத கல்லூரி யாவும் போலி அல்ல. ஆனால் சான்று உண்டென்று சொல்பவனைக் காட்டச் சொல்லுங்கள். பத்திரிகைகள் வெளியிடும் தரவரிசையை மட்டும் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் ஆராய்ச்சியையும் புகழையும் அளப்பது. முதலாண்டு மாணவனுக்கு எவ்வாறு கற்பிக்கின்றனர் என்பதை அது சிறிதளவே சொல்லும்.

மூன்று: முழுச் செலவு எவ்வளவு? முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் சொல்வது முகவரின் வழக்கம். இங்கிலாந்தில் பட்டம் மூன்று ஆண்டு. ஸ்கொத்லாந்திலும் அமெரிக்காவிலும் பொதுவாக நான்கு. உணவு, அறை, காப்புறுதி, விசா யாவற்றையும் கூட்டுங்கள். அவுஸ்திரேலியாவின் மாணவர் விசாக் கட்டணம் 2024 யூலையில் 710 டொலரிலிருந்து 1,600 ஆகவும், 2025 யூலையில் 2,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. விசா மறுக்கப்பட்டால் அப்பணம் திரும்பாது. இவற்றிற்கு மேலாக நாணய மாற்று இருக்கின்றது. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவில் நின்றது. ஆண்டுக்கு 20,000 டொலர் கட்டவேண்டிய ஒரு தகப்பனை எண்ணிப் பாருங்கள். 40 இலட்சம் என்று கணக்குப் போட்டுக் காணியை விற்றவர், இரண்டே மாதத்தில் 72 இலட்சத்துக்கு எங்கே போவார்? காணியும் போய், படிப்பும் நடுவழியில் நிற்கும்.

நான்கு: படித்தபின் சட்டம் என்ன உரிமை தருகின்றது? படிக்கும்போது வேலை செய்து கட்டணம் கட்டலாம் என்பது பொய்யாசை. அவுஸ்திரேலியாவில் படிப்புக் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணித்தியாலமே அனுமதி; கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24. அது சோற்றுக்கும் அறை வாடகைக்கும் உதவும், கட்டணத்துக்குப் போதாது. கனடா 2024இல் படிப்பு அனுமதிகளுக்கு உச்ச எல்லை விதித்தது. அவ்வாண்டு நவம்பர் முதலாம் நாளிலிருந்து விண்ணப்பிப்போருள் கல்லூரி டிப்ளோமா கற்பவர், குறித்த துறைகளிற் கற்றாலன்றிப் படிப்பின் பின்னான வேலை அனுமதி பெறார்; பொதுவான வணிக முகாமைத்துவ டிப்ளோமா அத்துறைகளுள் இல்லை. பல்கலைக்கழகப் பட்டத்துக்கு அத்தடை இல்லை. பட்டம் என்றும் டிப்ளோமா என்றும் இரு சொற்களுக்கிடையே உள்ள வேறுபாடு ஒரு குடும்பத்தின் தலைவிதி ஆகின்றது! இங்கிலாந்தோ பட்டதாரிக்கு அளித்த இரண்டாண்டு அனுமதியை, 2027 சனவரி முதலாக விண்ணப்பிப்போருக்குப் பதினெட்டு மாதமாகக் குறைப்பதாக 2025இல் அறிவித்தது. நேற்றுப் போனவன் பெற்ற உரிமை நாளை போகின்றவனுக்கு இல்லை. மாமன் 1990இல் போன கதை இன்றைய சட்டம் ஆகாது.

ஐந்து: திரும்பி வரவேண்டி நேர்ந்தால்? கடன் எவ்வளவு, இங்கே கிடைக்கக்கூடிய சம்பளம் எவ்வளவு, எத்தனை ஆண்டில் தீரும்? அதுவரை தங்கையின் சீதனத்துக்கு வழி என்ன, தம்பியின் படிப்புக்கு வழி என்ன? முதுசொம் ஒரு பிள்ளைக்கு மட்டும் உரியதன்று.

"இதெல்லாம் எதற்கு? எப்படியாவது போய்ச் சேர்ந்தாற் போதும், பிறகு அவன் பார்த்துக்கொள்வான்" என்பார் சிலர். அவர்களுக்கு நேராகவே சொல்கின்றேன். குடியேறுவதே நோக்கமாயின் அதை ஒளிக்காமற் பேசுங்கள். அதற்குரிய வழியை ஆராயுங்கள். பட்டப்படிப்பைத் திரையாக்கி அதன் பின்னே ஒளிந்து செல்பவன், சட்டம் மாறும் நாளில் படிப்பையும் இழந்து இருப்பையும் இழப்பான். பதினெட்டு வயதுப் பிள்ளையைப் பெற்றோரே அந்த இடத்தில் நிறுத்தலாமா?

வேறு வழிகளும் இருக்கின்றன. ஜேர்மனியில் கட்டணம் இல்லை என்றேன். அதற்கு விலை மொழி. இளங்கலை வணிகப் படிப்புப் பெரும்பாலும் ஜேர்மன் மொழியிலேயே நடைபெறும். உயர்தரச் சித்தி நேரடி அனுமதிக்குப் போதாதெனின் ஆயத்தக் கல்லூரியில் ஓராண்டு செல்லவேண்டும். சிங்கப்பூரில் வெளிநாட்டு மாணவனும் அரசின் கட்டண மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால், பட்டத்தின்பின் மூன்று ஆண்டு அங்கு பதிவு பெற்ற நிறுவனத்தில் வேலை செய்யக் கட்டுப்படவேண்டும். மலேசியாவில் மொனாஷ் பல்கலைக்கழகம் 1998இலும் நொட்டிங்ஹாம் 2000இலும் வளாகம் அமைத்து, தம் தாய்ப் பட்டத்தையே வழங்குகின்றன. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளிவாரித் தேர்வை நடத்துகின்றது. ஊரிலிருந்தே அதன் வணிகப் பட்டத்தைப் படிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் குறை உண்டு, நிறை உண்டு. எடைபோட்டுத் தெரிவதே அறிவு.

ஈற்றில், படித்தவர்களாகிய நம்மைப் பற்றி. நில உரிமையைப் பற்றி மேடைதோறும் முழங்குகின்றோம். ஆனால், பெயர் தெரியாத கல்லூரிக்காக ஊர்க்காணி ஒவ்வொரு மாதமும் கைமாறுவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கின்றோம். அத்தகைய உறுதிகளை எழுதிக் கூலி வாங்கிய கை என்னுடையதும்தான். கணக்காளர், ஆசிரியர், வங்கியாளர், சட்டத்தரணி எல்லோரும் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை வாசிகசாலையில் அமர்ந்து, ஊர்ப் பிள்ளைகளின் அனுமதிக் கடிதங்களை வாசித்துப் பொருள் சொன்னால் என்ன? ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கங்கள், பரிசளிப்பு விழாவுக்குப் பணம் அனுப்புவதோடு, அந்தக் கல்லூரி வாயிலுக்கு ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கட்டும். வளாகம் இருக்கின்றதா, கடைக்கு மேல்மாடி இருக்கின்றதா என்று எழுதட்டும்.

அந்தக் கமக்காரருக்கு அன்று நான் உறுதி எழுதவில்லை. ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இரு வாரத்தின் பின் மகனே வந்தான். முகவர் பிடித்துத் தந்த இடம் பட்டம் வழங்கும் இடமே அன்று. இரண்டாண்டு டிப்ளோமா என்று கண்டுபிடித்திருந்தான். இப்போது மூன்று நாடுகளின் செலவையும் அட்டவணையாக எழுதி வைத்திருக்கின்றான். எங்கே போவான் என்று இன்னும் முடிவாகவில்லை. உறுதி தகப்பனின் பெட்டகத்துக்குத் திரும்பிவிட்டது.

ஒரு தாளும் ஐந்து கேள்விகளும் ஆறு பரப்பைக் காக்குமாயின், அவற்றைக் கேட்கத் துணியாத சமூகம் எதைக் காக்கப் போகின்றது? கேளுங்கள்! எழுத்தில் விடை வரும்வரை கையொப்பமிடாதீர்கள்!