பாதிக் கட்டண அட்டை: சலுகை பெரியது, வாசல் சின்னது

குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு ஒரு சலுகை அட்டை கொடுப்பது எந்த நகர நிர்வாகத்துக்கும் நல்ல பெயர் வாங்கித் தரும் வேலை. அறிவிப்பு வரும், கைதட்டல் கிடைக்கும், பத்திரிகைகளில் செய்தி வரும். அதற்கப்புறம் அந்த அட்டை யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை, ஏன் சேரவில்லை என்று கேட்பவர்கள் குறைவு. நியூயார்க் நகரத்தின் "ஃபேர் ஃபேர்ஸ்" திட்டம் இதற்கு நல்ல உதாரணம்.

திட்டம் எளிமையானது. 18 முதல் 64 வயது வரை உள்ள, வருமானம் குறைந்த நகரவாசிகளுக்கு சுரங்க ரயிலிலும் பேருந்திலும் பாதிக் கட்டணம். 2025ல் ஒரு பயணத்துக்கு 2.90 டாலர். அட்டை இருந்தால் 1.45. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு இரண்டு பயணம், வருடத்துக்கு ஐம்பது வாரம் என்று கணக்குப் போட்டால் 725 டாலர் மிச்சம். வாடகைக்கும் மளிகைக்கும் நடுவே திண்டாடும் ஒருவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

இது சும்மா வந்து விடவும் இல்லை. 2016ல் கம்யூனிட்டி சர்வீஸ் சொசைட்டி, ரைடர்ஸ் அலையன்ஸ் என்ற இரண்டு அமைப்புகள் இதற்காகப் பிரசாரம் தொடங்கின. ரயில்களை நடத்தும் எம்.டி.ஏ. மாநில அரசின் கையில் இருப்பதால், செலவு யாருடையது என்ற இழுபறி நடந்தது. கடைசியில் 2018 ஜூனில் மேயர் பில் டி பிளாசியோவும் நகர மன்றத் தலைவர் கோரி ஜான்சனும் 10 கோடியே 60 லட்சம் டாலர் ஒதுக்க ஒப்புக்கொண்டார்கள். 2019 ஜனவரியில் திட்டம் தொடங்கியது. முதலில் அரசு உதவி பெறும் சிலருக்கு மட்டும். தகுதியுள்ள எல்லோரும் விண்ணப்பிக்கலாம் என்று கதவு திறந்தது 2020 ஜனவரியில் தான். இரண்டே மாதத்தில் கொரோனா வந்து ஊரே முடங்கியது.

ஊர் திரும்ப எழுந்த பிறகும் தகுதி உள்ளவர்களில் பாதிப் பேர் கூட சேரவில்லை. ஏன்? இரண்டு காரணங்கள். ஒன்று கோடு, இன்னொன்று படிவம்.

கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது?

தகுதியை நிர்ணயிப்பது அமெரிக்க மத்திய அரசின் வறுமைக்கோடு. 1960களின் தொடக்கத்தில் மாலி ஆர்ஷன்ஸ்கி என்ற அரசு ஊழியர் போட்ட கணக்கு அது. ஒரு குடும்பத்தின் குறைந்தபட்ச உணவுச் செலவை எடுத்து மூன்றால் பெருக்கினார். விலைவாசிக்கு ஏற்ப வருடா வருடம் திருத்தப்பட்டாலும் அடிப்படை அதே தான். வாடகை அந்தக் கணக்கில் தனியாக இல்லை. அலாஸ்கா, ஹவாய் தவிர மற்ற எல்லா மாநிலங்களுக்கும் ஒரே தொகை. மிசிசிப்பியின் ஒரு கிராமத்துக்கும் நியூயார்க்கின் பிராங்க்ஸுக்கும் ஒரே கோடு!

ஆரம்பத்தில் இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் தான் அட்டை. பிறகு வரம்பு 120%, 145% என்று நகர்ந்து 2025ல் 150% ஆனது. முன்னேற்றம் தான், ஆனால் போதுமா? கணக்கைப் பார்த்தால் தெரியும்.

2025ல் தனி நபருக்கு வறுமைக்கோடு 15,650 டாலர். அதில் 150% என்றால் 23,475. அதே வருடம் நியூயார்க் நகரத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50. வாரம் 40 மணி நேரம் வேலை செய்தால் வருடத்துக்கு 34,320 டாலர். ஆக, சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த கூலிக்கு முழு நேரம் உழைக்கும் ஒருவர், இந்த அட்டையைப் பொறுத்தவரை "வசதியானவர்". வாரம் 27 மணி நேரம் வேலை செய்தால் அட்டை உண்டு. 28 மணி நேரம் செய்தால் கிடையாது. ஒரு குழந்தையோடு தனியாக இருக்கும் தாய்க்கு வரம்பு 31,725. அவரும் முழு நேர வேலைக்குப் போனால் வெளியே தான்.

உழைப்பவர்களை வேலைக்குக் கொண்டு போய்ச் சேர்க்கத்தான் ரயில். அதற்கான சலுகை, கூடுதலாக ஒரு மணி நேரம் உழைத்தால் பறிபோகிறது என்றால் வடிவமைப்பில் கோளாறு இருக்கிறது.

சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில் 2015லேயே ஆர்கா லிஃப்ட் என்ற அட்டை வந்தது. அங்கே வரம்பு வறுமைக்கோட்டில் 200%. நியூயார்க்கிலும் அந்த அளவுக்கு உயர்த்தச் சொன்னது வெறும் போராட்டக்காரர்கள் மட்டுமில்லை. டிக்கெட் எடுக்காமல் போகிறவர்களைப் பற்றி ஆராய எம்.டி.ஏ. அமைத்த குழுவே 2023ல் அதைப் பரிந்துரைத்தது. ஆனால் 200% என்றாலும் 2025 கணக்குப்படி தனி நபருக்கு 31,300 தான். முழு நேரக் கூலித் தொழிலாளி அப்போதும் வெளியே தான் நிற்பார். அதனால் எத்தனை சதவீதம் என்று பேரம் பேசுவதை விட்டுவிட்டு, குறைந்தபட்சக் கூலிக்கு முழு நேரம் வேலை செய்பவரின் வருமானத்தையே வரம்பாக வைக்கலாம். கூலி உயர்ந்தால் வரம்பும் தானாக உயரும்.

படிவம் எதற்கு?

அடுத்தது படிவம். இங்கே தான் வேடிக்கை. ஃபேர் ஃபேர்ஸ் திட்டத்தை நடத்துவது நகரத்தின் சமூக சேவைத் துறை. ஏழைகளுக்கு உணவு மானியமும் பண உதவியும் கொடுப்பதும் அதே துறை தான். அதாவது, இவர்களில் பலருடைய பெயர், முகவரி, வருமானம் எல்லாம் ஏற்கனவே அந்தத் துறையின் கணினியில் இருக்கிறது. அப்படி இருக்க, அவர்களைத் தனியாக விண்ணப்பிக்கச் சொல்வதும், வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கச் சொல்வதும் எதற்கு? உணவு மானியம் கிடைத்த அன்றே, "வேண்டாம்" என்று சொல்லாத எல்லோருக்கும் அட்டை தபாலில் போய்ச் சேர வேண்டும்.

இன்னொரு முரண்பாட்டையும் பாருங்கள். 65 வயது ஆனவர்களுக்கு எம்.டி.ஏ. தனியாகப் பாதிக் கட்டணச் சலுகை தருகிறது. அதற்கு வருமானச் சான்று தேவையில்லை, வயதைக் காட்டினால் போதும். கோடீஸ்வரராக இருந்தாலும் கிடைக்கும். முதியவர்களுக்குக் கொடுப்பது தவறில்லை. ஆனால் கோடீஸ்வரரின் வார்த்தையை நம்பும் ஊர், பாத்திரம் கழுவும் முப்பது வயதுக்காரரிடம் மட்டும் சம்பளச் சீட்டு கேட்கிறது. ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயமா? பாதி டிக்கெட்டுக்காகவா?

பணம் எங்கே?

செலவு ஏறுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எம்.டி.ஏ.வுக்குக் குறையும் கட்டணத்தை நகரம் தன் பணத்திலிருந்து ஈடு செய்கிறது. 2024 நிதியாண்டில் இதற்கு ஒதுக்கியது சுமார் 9.5 கோடி டாலர். அந்த வருட நகர பட்ஜெட் 10,700 கோடி. நூறு டாலருக்கு ஒன்பது சென்ட்! இன்னொரு பக்கம், டிக்கெட் எடுக்காமலும் சுங்கம் கட்டாமலும் போகிறவர்களால் 2022ல் மட்டும் 69 கோடி டாலர் இழப்பு என்று அதே எம்.டி.ஏ. குழு மதிப்பிட்டது. அதில் எல்லோரும் ஏழைகள் இல்லை. ஆனால் காசில்லாமல் கதவைத் தாண்டிக் குதிப்பவரைப் பிடித்து அபராதம் போட்டு, அதை வசூலிக்க அலைவதை விட, அவரைப் பாதிக் கட்டணம் கட்டும் பயணியாக மாற்றுவது நகரத்துக்கும் லாபம் தானே?

நியூயார்க் ஒரு உதாரணம் தான். நூலக அட்டை, நீச்சல் குளச் சலுகை, பேருந்துப் பாஸ் என்று எந்த ஊர் எதைக் கொடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. உழைத்துப் பிழைக்கும் கடைசி மனிதர் கோட்டுக்கு உள்ளே இருக்கிறாரா? ஊருக்கு ஏற்கனவே தெரிந்த வறுமையை அவர் மறுபடியும் நிரூபிக்க வேண்டியிருக்கிறதா? முதல் கேள்விக்கு "ஆம்", இரண்டாவதுக்கு "இல்லை" என்று பதில் வரும் வரை, எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று பெருமை பேசுவதில் அர்த்தம் இல்லை.