நீல விளக்குக்கு 20,000 யென்

கைப்பேசித் திரையிலும் எல்இடி விளக்குகளிலும் நாம் பார்க்கும் வெள்ளை ஒளிக்கு நீல நிற எல்இடி தேவை. சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன. நீலம் மட்டும் பல ஆண்டுகள் கைக்கு எட்டவில்லை. பிரகாசமான நீல எல்இடியை 1993ல் அறிவித்தது, நிச்சியா என்ற ஜப்பானிய ரசாயன நிறுவனம். அதன் ஊழியர் ஷுஜி நாகமுரா, ஆய்வை நிறுத்தும்படி மேலிடம் சொன்ன பிறகும் தொடர்ந்தவர். அவருக்குக் கிடைத்த வெகுமதி 20,000 யென். ஒரு ஜோடி நல்ல காலணி வாங்கலாம்.

வேலையை விட்டு அமெரிக்காவுக்குச் சென்ற நாகமுரா, பிறகு வழக்குத் தொடுத்தார். நிறுவனம் அவருக்கு 20 பில்லியன் யென் தர வேண்டும் என்று 2004ல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில், அடுத்த ஆண்டு ஏறக்குறைய 840 மில்லியன் யென்னுக்குச் சமரசம் ஏற்பட்டது. 2014ல் வேறு இருவருடன் அவருக்கு இயற்பியல் நோபெல் பரிசும் கிடைத்தது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. நிச்சியாவின் நிறுவனர் நொபுவோ ஒகாவா துணிந்து பணம் ஒதுக்காவிட்டால் ஆய்வே நடந்திருக்காது. தோற்றிருந்தால் நட்டம் நிறுவனத்துக்கு. நாகமுராவுக்குச் சம்பளம் வந்திருக்கும். வணிகம் படிக்கும் என் நண்பர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். சரி, லாபம் முழுவதையும் ஊழியர் கேட்க முடியாதுதான். ஆனால், எந்தக் கணக்கும் காட்டாமல் ஒரு தொகையைக் கையில் திணிப்பதை அந்த வாதம் நியாயப்படுத்தவில்லை. 20,000 யென்னுக்கும் 20 பில்லியனுக்கும் இடையே இவ்வளவு தூரம் வந்ததே, பங்கு எப்படிக் கணக்கிடப்படும் என்று முன்கூட்டியே பேசி வைக்காததால்தான் என்பது என் கருத்து.

ஜப்பான் 2015ல் சட்டத்தைத் திருத்தியது. நிறுவனம் முன்கூட்டியே விதி வகுத்திருந்தால் கண்டுபிடிப்பு தொடக்கத்திலிருந்தே அதற்குச் சொந்தம். ஆனால் ஊழியருக்கு நியாயமான பலன் தந்தாக வேண்டும். மலேசியாவின் 1983ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்திலும் ஊழியருக்கு ஒரு பிடி இருக்கிறது: எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான பொருளியல் மதிப்பைக் கண்டுபிடிப்பு பெற்றால், அவர் நியாயமான ஊதியம் கோரலாம், உடன்பாடு இல்லையென்றால் நீதிமன்றம் தொகையை முடிவுசெய்யும். சிங்கப்பூரிலோ, வழக்கமான பணியின்போது கண்டுபிடித்தது முதலாளிக்குச் சொந்தம் என்று சட்டம் சொல்கிறது. கூடுதல் வெகுமதிக்கு மலேசியாவில் உள்ளது போன்ற விதி இல்லை. ஆகவே இங்கு எல்லாம் வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

புத்தாக்கம் பற்றிப் பேசாத முதலாளி இன்று இல்லை. ஆனால் ஒப்பந்தத்தை நம்மில் எத்தனை பேர் முழுதாகப் படிக்கிறோம்? சென்ற விடுமுறையில் வேலைப் பயிற்சிக்காக எனக்குத் தரப்பட்ட ஒப்பந்தத்தில், நான் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே என்று ஒரு வரி இருந்தது. வெகுமதி பற்றி ஒரு சொல் இல்லை. காப்புரிமைக்கு விண்ணப்பித்தால் ஊழியருக்கு எவ்வளவு, அதை வேறொரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தால் எவ்வளவு, வேலையை விட்ட பிறகும் கிடைக்குமா என்று மனிதவளப் பிரிவில் கேட்டேன். அங்கிருந்தவர் கோபப்படவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார், குறித்துக்கொண்டார்.