கதவைத் தட்டி அழையுங்கள்

2015 டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றின் கரை தாண்டி சென்னை நகருக்குள் புகுந்தது. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் தரைத்தள வீடுகள் மூழ்கின. மின்சாரம் போனது. செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. கையிலிருந்த போன்களிலும் சார்ஜ் தீர்ந்தது. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள், இங்கே தனியாக இருந்த அப்பா அம்மாவின் குரலைக் கேட்க முடியாமல் துடித்துப்போனார்கள். பி.எஸ்.என்.எல். லேண்ட்லைன் உயிரோடிருந்த வீடுகளுக்கு அக்கம்பக்கமே வந்து பேசிவிட்டுப் போனது. முதியவர்களை மாடிக்குத் தூக்கிப் போனவர்களும், இருந்த ஒரு பாக்கெட் பாலைப் பங்கிட்டவர்களும் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். ஒரே அடுக்ககத்தில் வருடக்கணக்காக இருந்தும், அன்றைக்குத்தான் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொண்டவர்கள் உண்டு.

தூரத்தில் இருப்பவர்களைச் செல்போன் பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறது என்பது உண்மைதான். மயிலாப்பூரில் இருக்கும் பாட்டி, நியூஜெர்சியில் தவழும் பேரனைத் தினமும் வீடியோ காலில் கொஞ்சுகிறார். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசிய தலைமுறைக்கு இது பெரிய வரம். இதைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது.

கவலையெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றித்தான். 'சாப்பாடு ரெடி' என்று அம்மா சமையலறையிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அடுத்த அறையிலிருந்து ஒரு கட்டைவிரல் பதிலாக வருகிறது. தட்டு ஆறுகிறது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது, அதுவும் குடும்பத்தைக் கெடுக்கும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒரே கூடத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருந்தது. செல்போனில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு மூலை.

நவராத்திரி நெருங்குகிறது. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் களைகட்டிவிட்டன. முன்பெல்லாம் பட்டுப் பாவாடை கட்டிய சிறுமிகள் கையில் குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய், "எங்காத்துல கொலு, வெத்தலை பாக்கு வாங்கிக்க வாங்கோ" என்று அழைப்பார்கள். போன இடத்தில் ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள். வெட்கப்பட்டுப் பாடி முடித்தால் சுண்டல் கிடைக்கும். அந்த ஒன்பது நாளில், கீழ் வீட்டு மாமிக்கு முட்டிவலி, படியேற மாட்டார் என்பதும், எதிர்வீட்டுத் தாத்தா தனியாக இருக்கிறார் என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். வெள்ளம் வரும் இரவில் யாரை முதலில் தூக்க வேண்டும் என்பதை ஒரு தெரு இப்படித்தான் தெரிந்து வைத்திருந்தது. இன்று அழைப்பு ஒரு படமாக நூறு பேருக்கு ஒரே நேரத்தில் போகிறது. நூறு கைகூப்பல்கள் திரும்பி வருகின்றன. வருபவர்களோ நாலைந்து பேர்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் வாட்ஸ்அப் அழைப்பை வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். உங்கள் தெருவில், உங்கள் அடுக்ககத்தில் இருப்பவர்களைப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போய் அழையுங்கள். கொலு வைக்கும் வழக்கமில்லாத வீட்டையும், வேறு மதத்தவர் வீட்டையும் விட்டுவிடாதீர்கள்.