கூலி நாளும் மளிகைக் கணக்கும்

வரவு செலவுத் திட்டம் மாதச் சம்பளக்காரருக்கே பொருந்தும். தறிக் கூலியையும் விளைச்சலையும் நம்பியிருப்போருக்கு ஆகாது என்று நம் அங்கத்தினர் பலர் கருதுகின்றனர். இது சரியன்று. வருவாய் ஒரு வாரம் மிகுந்தும் மறு வாரம் குறைந்தும் வருவோருக்கே திட்டம் இன்றியமையாதது.

திட்டமில்லாத வீட்டில் பண்டங்கள் வேளைக்கு வேளை சிறு பொட்டலங்களாகப் பற்றெழுதி வாங்கப்படுகின்றன. சில்லறையாக வாங்கினால் விலை கூடும். கடன்பட்டவர் எடையையும் தரத்தையும் துணிந்து கேட்கவும் இயலாது. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளரும் கூடி, வெண்ணெய், சர்க்கரை, மாவு முதலிய சில பண்டங்களோடு கூட்டுறவுக் கடை திறந்தனர். ரொக்கத்திற்கே விற்பனை என்பது அவர்கள் கைக்கொண்ட விதி.

கூலி கைக்கு வரும் நாளில் கணவனும் மனைவியும் ஒருங்கே அமர்க. வீட்டிலுள்ள இருப்பைப் பார்த்து, ஏழு நாட்களுக்குரிய சமையலை எழுதுக. நியாயவிலைக் கடையில் கிடைக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை முதலில் கணக்கில் கொண்டு, எஞ்சியவற்றுக்கே ஜாபிதா தயாரிக்க. காய்கறியை மட்டும் சந்தையில் மலிந்தது கண்டு முடிவு செய்யலாம். கூலி மிகுந்த வாரத்தில் பருப்பு, புளி, மிளகாய் ஆகியவற்றைக் கூடுதலாக வாங்கி வைத்தால், குறைந்த வாரத்தை அது தாங்கும்.

குழந்தைகளின் பருப்பையும் பாலையும் குறைத்து மிச்சம் பிடிப்பது சிக்கனமன்று. பழைய பற்றை ஒரே நாளில் தீர்க்க இயலாது. ஆயினும் புதுப் பற்று எழுதாமல், வாரந்தோறும் ஒரு சிறு தொகையேனும் அடைத்து வருவோமாக.